மனநோயுள்ள ஒருவருடன் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்பவருக்கு

உங்கள் வீட்டிலோ அயலிலோ மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பொலிஸார் விசாரணைக்கு அழைத்திருந்தால், அவருடன் கூடச் செல்லப்போகும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர் சந்தேகநபராக இருக்கலாம், முறைப்பாட்டாளராக இருக்கலாம், சண்டையொன்றைக் கண்ட சாட்சியாகவும் இருக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இப்படிப்பட்ட பல குடும்பங்களுடன் நான் பொலிஸ் நிலைய வாசலிலும் நீதிமன்ற வளவிலும் காத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக என் சொந்தத் தம்பியுடன் காத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே எழுதியிருப்பவற்றில் பாதியையாவது அன்று அறிந்திருந்தால், அவன் 11 நாட்கள் விளக்கமறியலில் இருந்திருக்க வேண்டியதில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

இங்கிலாந்தில் மனநோயுள்ள ஒருவரைப் பொலிஸார் விசாரிக்கும்போது, அவருக்குத் துணையாக உடனிருக்க ஒருவரை அழைக்க வேண்டும் என்ற நடைமுறை 1984 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் இருக்கிறது. அதற்கென்றே பயிற்றப்பட்ட தொண்டர்களும் அங்கே உண்டு. நமது நாட்டில் அப்படியொரு துணையாளைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்படுத்தவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு தாயின் மீதோ, அக்காவின் மீதோ, கிராம உத்தியோகத்தர் மீதோ, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் மீதோ வந்து விழுகிறது. உங்களுக்கு அங்கே பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. மரியாதையாகவும் விடாமலும் கேட்டுப் பெறும் இடம் மட்டுமே உண்டு. பெரும்பாலும் அது கிடைக்கிறது என்பதே என் அனுபவம்.

உங்கள் வேலை அவருக்குப் பதிலாகப் பேசுவது அல்ல என்பதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கேட்கப்படும் கேள்வி அவருக்கு உண்மையாகவே விளங்க வேண்டும்; அவர் சொல்லும் பதில் அவர் சொன்னபடியே தாளில் ஏற வேண்டும்; அவருக்கு நோய் இருக்கிறது என்ற செய்தி உரியவர்களின் காதுக்கு முதல் மணித்தியாலத்திலேயே எட்ட வேண்டும். நீங்கள் போவது இதற்காகத்தான்.

இன்றைக்கே கட்டி வைக்க வேண்டிய பை

அழைப்பு வந்த பிறகு தேடினால் எதுவும் கைக்கு அகப்படாது. கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் அந்த நோய் விபர அட்டை, கடைசியாக எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றில் மூன்று மூன்று போட்டோ பிரதிகள் எடுத்து ஒரு கோவையில் இட்டு வையுங்கள். மூலப் பிரதி எதையும் எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். கிளினிக் கொப்பி ஒருமுறை தொலைந்தால், பல வருட வைத்தியத்தின் சான்றும் அதனுடன் போய்விடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையிலோ அவரைப் பார்க்கும் மனநல வைத்தியரிடம், அடுத்த கிளினிக் நாளிலேயே ஒரு கடிதம் கேளுங்கள். நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்ட கடிதத்தால் பயன் குறைவு. எத்தனை வருடமாக வைத்தியம் நடக்கிறது, என்ன மருந்து, என்ன அளவு, மருந்து தவறினால் என்ன ஆகும், அவரிடம் எப்படிப் பேசினால் விளங்கிக்கொள்வார் என்ற ஐந்து விடயங்களும் அதில் இருக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

மருந்துகளை உறையோடும் அதன் மேல் எழுதப்பட்ட பெயரோடும் எடுத்துச் செல்ல வேண்டும். பெயரில்லாத குளிசைகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனால், போதைமாத்திரை என்ற சந்தேகம் வந்து விடயம் வேறு திசையில் போய்விடும். குளோசாப்பின் எடுப்பவரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்து 48 மணித்தியாலங்களுக்கு மேல் தவறினால், பழைய அளவில் மறுபடி கொடுக்கக்கூடாது. மிகச் சிறிய அளவில் இருந்து வைத்தியரே திரும்பத் தொடங்க வேண்டும். தடுப்பில் இரண்டு இரவுகள் கழிந்தாலே இந்த ஆபத்து வந்துவிடுகிறது. லித்தியம் எடுப்பவருக்குத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பதே ஆபத்தாக முடியலாம். இந்த இரண்டு மருந்துகளில் எது இருந்தாலும் அதைச் சிவப்பு மையால் தனித் துண்டில் எழுதிக் கோவையின் முதல் தாளாக வையுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் முதல் மணித்தியாலம்

வாசலில் நிற்பவரிடம் முழுக் கதையையும் சொல்லிக் களைத்துப்போக வேண்டாம். பொறுப்பதிகாரியை, அவர் இல்லாவிட்டால் அந்த நேரம் கடமையில் உள்ள மூத்த உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பார்த்தவுடன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சேர், இவர் என்ட தம்பி. இத்தனை வருசமா மனநோய்க்கு ஆஸ்பத்திரியில மருந்து எடுக்கிறார். கொப்பியும் வைத்தியர்ட கடிதமும் இதில இருக்கு. வாக்குமூலம் எடுக்கேக்க நான் பக்கத்தில இருக்க அனுமதி தாங்க." பிரதியொன்றைக் கையில் கொடுத்துவிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீதிமன்றத்தில், நோய் பற்றி எவரும் சொல்லவில்லை என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு வரிக் குறிப்பே உங்கள் சட்டத்தரணிக்கு ஆதாரமாகும்.

அவரது தோற்றத்தையும் விளக்குங்கள். மனநோய் மருந்துகள் உடலை இறுக்கும், கையை நடுங்கச் செய்யும், நாக்கைத் தடிக்க வைக்கும், வாயில் எச்சில் வடியச் செய்யும். சிலரால் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவே முடியாது. கால் மாறிக்கால் மாறி மிதித்துக்கொண்டே நிற்பார்கள். இதை அறியாதவர் கண்ணுக்குக் குடித்தவர் போலவும், குற்றம் செய்துவிட்டுப் பதறுகிறவர் போலவும் அவர்கள் தெரிவார்கள். மருந்தின் விளைவு இது என்று நீங்கள் சொன்னாலன்றி அங்கே வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அவரைக் கைது செய்திருந்தால், என்ன குற்றச்சாட்டு என்பதைத் தெரிவிக்கச் சட்டம் பொலிஸாரைப் பணிக்கிறது. பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் ஆஜர்ப்படுத்த வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37 ஆம் பிரிவு பொதுவிதியாகக் கூறுகிறது. சட்டத்தரணி ஒருவர் தன் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் ஆஜராவதற்கு 2012 இல் வர்த்தமானியில் வெளியான விதிகள் இடமளிக்கின்றன. வாக்குமூலம் எழுதும் அறைக்குள் அவரை எப்போதும் இருக்கவிடுவார்கள் என்று எண்ணியிருக்க வேண்டாம். ஆனாலும் அவர் வந்து பொறுப்பதிகாரியைச் சந்தித்துவிட்டுப் போன பிறகு விசாரணையின் தொனி மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பணம் இல்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்துக்குச் செல்லுங்கள். அடி, மிரட்டல் நடந்தால், அல்லது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது நடந்தால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அந்தச் சட்டத்தின் கீழான கைது என்றால் மேலே சொன்ன 24 மணித்தியாலக் கணக்கும் பொருந்தாது; சட்டத்தரணி இன்றி ஒரு நாளும் கழியவிடக்கூடாது.

நஞ்சு குடித்துக் காப்பாற்றப்பட்டவரைப் பற்றி விசாரிக்கப் பொலிஸார் வைத்தியசாலைக்கு வரும்போது, வழக்குப் போடுவார்கள் என்று குடும்பங்கள் இன்னமும் நடுங்குகின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் நமது நாட்டில் குற்றம் அல்ல. பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் "ஓம்"

என் தம்பிக்கு அப்போது 26 வயது. திருவிழாக் கடையொன்றின் கண்ணாடியை உடைத்தான் என்பது முறைப்பாடு. வாக்குமூலம் எழுதிய உத்தியோகத்தர் கடுமையானவர் அல்லர். ஒரு பிளேன்ரீ கூட எடுப்பித்துக் கொடுத்தார். "தம்பி, நீதானே உடைச்சது?" "ஓம் சேர்." "கோவத்திலதானே?" "ஓம் சேர்." "உன்னோட இன்னொருத்தனும் வந்தவன்தானே?" "ஓம் சேர்." நான் ஆறடி தள்ளி வாங்கில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பேனா ஓடியது, அவன் கையெழுத்து வைத்தான். தேடப்படும் இரண்டாவது ஆள் ஒருவன் இருக்கிறான் என்று அந்த வாக்குமூலம் சொன்னதால் பிணைக்கு ஆட்சேபனை வந்தது. சிறைச்சாலையில் பார்க்கப் போனபோது, "உன்னோட ஆர் வந்த?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்ல அக்கா." "பிறகு ஏன் ஓம் எண்டு சொன்ன?" அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஓம் எண்டு சொன்னா வீட்ட விடுவாங்க எண்டு நினைச்சன்."

இது என் தம்பி ஒருவனின் குணம் அல்ல. மனநோய் உள்ளவர்களும், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களும், பயத்திலும் களைப்பிலும் கேட்பவரை மகிழ்விக்கும் பதிலையே சொல்லிவிடுவது வழக்கம். "தானே" என்று முடியும் கேள்வி எதுவானாலும் அதற்குள் பதிலும் இருக்கிறது. ஆகவே நீங்கள் உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது, "என்ன நடந்தது என்று அவரே சொல்லும்படி கேளுங்கள், சேர்" என்பதைத்தான். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். கேட்ட பிறகு பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் மருந்து பேச்சை மந்தப்படுத்துகிறது. அந்த மௌனத்தை மறைப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்று போவதைக் கண்டால், உத்தியோகத்தரின் அனுமதியோடு, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத, நிச்சயமாகப் பொய்யான ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "நேற்று நீ திருகோணமலைக்குப் போனதானே?" அதற்கும் ஓம் என்றால், எழுதுபவரே பேனாவை ஒருகணம் கீழே வைப்பார். இதைப் பின்னாளில் வேறொரு குடும்பத்துடன் சென்றபோது செய்து பார்த்தேன். அன்று விசாரணை நிறுத்தப்பட்டு, முதலில் வைத்தியரிடம் காட்ட ஏற்பாடானது.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து யாரையோ கேட்பதுபோல் இருந்தாலோ, உதடு தானாக அசைந்தாலோ, காதில் குரல்கள் கேட்கின்றன என்று கொள்ளலாம். அப்போது சொல்லப்படும் பதில் யாருடைய கேள்விக்கானது என்றே தெரியாது. பத்து நிமிட இடைவேளையும் தண்ணீரும் கேளுங்கள்.

உறவினர் செய்யும் பெரிய பிழை ஒன்றும் இருக்கிறது. "மனே, சேருக்கு உண்மையைச் சொல்லு, சொன்னா விட்டிருவாங்க" என்று தாய் அழுதுகொண்டே கெஞ்சுவார். அன்பினால் சொல்லப்படும் அந்தச் சொல்லே மகனைச் செய்யாததையும் ஏற்க வைக்கிறது. இன்னொன்று: அவர் உண்மையில் என்ன செய்தார் என்று நீங்கள் தனியே துருவித் துருவிக் கேட்காதீர்கள். சட்டத்தரணியிடம் சொன்ன இரகசியத்துக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அக்காவிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாளை நீங்களே சாட்சியாக அழைக்கப்படலாம்.

கையெழுத்துக்கு முன்

பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நிலைமை வேறு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் அங்கே சாட்சியமாகலாம். சாதாரண வழக்கிலும் வாக்குமூலம் வீண்போகும் தாள் அல்ல. பின்னர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், "அன்று இப்படிச் சொன்னீரே" என்று கேட்க அது பயன்படும்.

எனவே எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு பந்தி முடிவிலும், "இதில என்ன இருக்கு, நீ சொல்லு பாப்பம்" என்று அவரையே தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வையுங்கள். "விளங்கினதா?" என்ற கேள்விக்கும் அவர் ஓம் என்றே சொல்வார் என்பதை மறக்க வேண்டாம். பிழை இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்தப்பட வேண்டும்.

அம்பாறை மாவட்டத்தில் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தில் தமிழில் எழுதுவோர் கிடைப்பர். அம்பாறை நகரிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவது உண்டு. தமிழில் எழுதும்படி முதலில் கேளுங்கள். முடியாது என்றால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அதை முழுவதும் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகே கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு மேலே, "நான் தமிழில் சொன்னேன், இது சிங்களத்தில் எழுதப்பட்டது" என்று தமிழில் எழுத அனுமதி கேளுங்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது.

நீதவான் முன்

முதல் நாள் ஆஜர்ப்படுத்தப்படும்போது ஒரு சில நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் நோய் பற்றிய விடயம் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டு வழக்கேட்டில் பதிவாக வேண்டும். கோவையின் இரண்டாவது பிரதி சட்டத்தரணிக்கு உரியது. விளக்கமறியல் தவிர்க்க முடியாததானால், மருந்துப் பட்டியலைச் சிறைச்சாலை அத்தியட்சகருக்கு அனுப்பவும் வைத்தியரிடம் காட்டவும் உத்தரவிடும்படி சட்டத்தரணி அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். என் தம்பிக்கு இதை யாரும் கேட்கவில்லை. மாதாந்த ஊசி தவறியது. வீடு வந்தவனைத் தேற்றி எடுக்க நான்கு மாதங்கள் சென்றன.

இங்கே இரண்டு வேறுபட்ட கேள்விகள் இருப்பதைப் புதியவர்கள் பிரித்தறிய வேண்டும். ஒன்று, இப்போது வழக்கை விளங்கித் தன்னைத் தற்காத்துக்கொள்ள அவரால் முடியுமா என்பது. முடியாது என்று கருத நியாயமிருந்தால், நீதவான் அதை விசாரித்து, அரசாங்க வைத்திய அதிகாரியைக் கொண்டு பரிசோதிப்பிக்க வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 374 ஆம் பிரிவும் அடுத்து வருபவையும் இதைப் பற்றியவை. வழக்கு அப்போது தள்ளி வைக்கப்படும். அவரைப் பராமரித்து, வேண்டிய நாளில் கொண்டுவருவதாகப் பிணை கொடுப்பவர் இருந்தால் வெளியே விடவும் வழியுண்டு. பிணையாளி தன் அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் கையோடு கொண்டு வந்தால் ஒரு நாள் மிச்சமாகும்.

மற்றக் கேள்வி, சம்பவம் நடந்த அந்த நேரத்தில் தான் செய்வது என்ன என்பதையோ, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்பது. அப்படி இருந்தால் அது குற்றமாகாது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு கூறுகிறது. நோய் இருக்கிறது என்பதே இதற்குப் போதாது. இதன் பேரில் விடுவிக்கப்படுபவர் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார் என்றும் இல்லை, ஏனெனில் பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவாகலாம். சிறிய குற்றமொன்றுக்காக இந்த வழியில் போய், தண்டனையைவிட நீண்ட காலம் அடைபட நேரலாம். எது நல்லது என்பதைச் சட்டத்தரணியும் மனநல வைத்தியரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கப்படும் கணத்துக்கு நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏற்றுக்கொண்டால் தண்டப் பணத்தோடு முடிந்துவிடும் என்று வளவில் நிற்கும் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். அவரும் ஓம் என்பார். அந்த ஓம் ஒரு குற்றப்பதிவாக அவருடனேயே இருக்கும். வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும் நாளில் எதிரே வந்து நிற்கும். சட்டத்தரணி இன்றி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவிட வேண்டாம், தவணை கேட்கலாம்.

முந்திய நாளில் நீதிமன்றத்துக்கு அவரை ஒருமுறை அழைத்துச் சென்று, கூண்டு எங்கே, நீதவான் எங்கே அமர்வார், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதைக் காட்டுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் பெயர் கூப்பிடும்போது இருக்க மாட்டார்கள், பிடியாணை பிறந்துவிடும். நோய் முற்றி வர முடியாமற்போனால், வைத்தியச் சான்றிதழோடு நீங்களாவது போய் நிற்க வேண்டும். காலைக் குளிசையையும் சாப்பாட்டையும் தவறவிட வேண்டாம். மண்டபத்துக்குள் இருக்க முடியாமல் அவர் தவித்தால், வெளியே மர நிழலில் இருத்திவிட்டு, பெயர் வந்ததும் அழைக்க ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ இருந்தால்

"அதுக்கு விசர், அதின்ட சாட்சி செல்லாது" என்று ஊரில் சொல்வது சட்டம் அல்ல. கேள்வியை விளங்கி, ஏற்ற பதிலைச் சொல்ல முடிந்தால் மனநோயுள்ளவரும் சாட்சி சொல்லலாம் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்தப் பேச்சை நம்பித்தான், அறிவு வளர்ச்சி குறைந்த பெண்கள் மீது கை வைப்பவர்கள் துணிகிறார்கள். அப்படியொன்று நடந்தால் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு அவரைக் குழப்பாதீர்கள். முதலில் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் இட்டு, பெண் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். சாட்சியை மிரட்டினால், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையிடலாம்.

வீடு திரும்பிய பின்

விசாரணை முடிந்த இரவில் பெரும்பாலானோருக்கு நித்திரை வராது; குரல்கள் கூடும், சாவைப் பற்றிய பேச்சு வரும். தனியே படுக்கவிட வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், நடந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வழக்குத் தவணையையும் ஊசி போடும் திகதியையும் ஒரே கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால், ஊசியை முந்திய நாளில் போட்டுக்கொள்ள முடியுமா என்று கிளினிக் தாதியிடம் இரண்டு கிழமைக்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.